கப்பிப் பாட்டு

"அந்தக் கிணத்துப் பாட்டையும் போடப் போறியோ?" என்று லூர்த்தம்மா கேட்டாள். உலைப் பானையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஓம்," என்றாள் அருமைநாயகி.

"முதல் பாட்டு நல்லாய்த்தானே இருக்கு. குருநகரிலையிருந்து சட்டி பானையோடை ஓடி வந்தது, வழியிலை கோழி துலைஞ்சது. சனம் சிரிக்கும். அதோடை விடன்."

"சிரிக்க வைக்க நான் ஏனம்மா மானிப்பாய் வரைக்கும் போகவேணும்? இஞ்சையிருந்து உங்களையே சிரிக்க வைக்கலாம்."

"எடி பிள்ளை, ஒதுங்க இடம் தந்த மனிசர்."

"அதுக்கு நன்றி எண்டுதான் பாட்டே தொடங்குது. வடிவாய்க் கேளுங்கோ. நான் கேட்டது வாளியைப் பற்றி."

"கேட்டாப் பிறகு இடம் இருக்குமோ?"

அருமைநாயகி பாட்டுப் பதிந்த கசெற்றை ஒரு துணியில் சுற்றி, துணியைப் பையில் வைத்தாள். வாசலில் அவளுடைய தமையன் பிலிப்பு சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான்.

"நீ என்ன சொல்லுறாய்?" என்று லூர்த்தம்மா அவனைப் பிடித்தாள்.

"நான் சைக்கிள் உழக்கினவன் மட்டும்தான் அம்மா. சொல்லெல்லாம் அவள்."

"நல்லாய்க் கழண்டு கொள்ளுறாய்."

அவர்கள் இருந்தது சண்டிலிப்பாயில், இராசநாயகத்தாரின் வளவுக்குள், முன்பு புகையிலை போட்டுவைத்த கொட்டிலில். மீன்பிடிக் கரையான குருநகரில் குண்டு விழுந்து எட்டு மாதம். வந்த அன்றே இராசநாயகத்தார் கொட்டிலைத் திறந்து, கூட்டித் தந்து, இரண்டு பாயும் தந்தார். பிறகு கிணற்றைக் காட்டிச் சொன்னார்: "உங்கடை வாளியை மட்டும் இறக்க வேண்டாம். மீன் புழங்கின வாளி. தண்ணி எவ்வளவு வேணுமெண்டாலும் என்ரை பெடியன் அள்ளித் தருவான்."

பெடியன் என்பது மகன் தயாபரன். இருபத்துமூன்று வயது. சொன்னபடியே ஒவ்வொரு நாளும் காலையில் அள்ளித் தந்தான். தன் வாளி அவர்களுடைய வாளியில் முட்டாமல் உயரத் தூக்கி ஊற்றினான். லூர்த்தம்மா குனிந்து வாளியைப் பிடிப்பாள். காலில் தெறிக்கும். "குறை நினையாதேங்கோ அம்மா," என்பான் தயாபரன். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அதுதான் அருமைநாயகிக்குக் கூடுதல் எரிச்சல்.

"சுளிச்சாலும் திட்டலாம்," என்று பிலிப்பிடம் சொல்லுவாள். "உவர் சிரிச்சுக்கொண்டெல்லோ எட்டி நிக்கச் சொல்லுறார்."

ராப் பாட்டு அவர்களுக்குப் பாரிசிலிருந்து வந்தது. பெரியம்மாவின் மகன் அடைக்கலநாதன் கடிதம் எழுதமாட்டான். கசெற்றில் கதைத்து, ஆர் மூலமாவது கொழும்பு வழியாக அனுப்புவான். ஒரு முறை அவன் கதைத்து முடித்த பிறகும் நாடா ஓடியது. பின்னால் ஏதோ வானொலியில் எடுத்த பிரெஞ்சுப் பாட்டுகள். ஒரு சொல்லும் விளங்கவில்லை.

"இவங்கள் பாடேல்லை அண்ணை," என்றாள் அருமைநாயகி. "சண்டை பிடிக்கிறாங்கள். தாளம் தப்பாமல் சண்டை பிடிக்கிறாங்கள்."

"உனக்குத் தாளம்தான் இல்லை. மற்றது பிறப்பிலையே இருக்கு."

அன்றைக்கு அவள் தலையணையால் அவனுக்கு அடித்தாள். அடுத்த கிழமை முதல் பாட்டைக் கட்டினாள்.

மானிப்பாயில் முத்துக்குமாருவின் சைக்கிள் கடை ஞாயிற்றுக்கிழமை பூட்டு. ஆனால் பின்பக்கம் மூன்று மணிக்குப் பத்திருபது பேர் கூடுவார்கள். யுத்தத்தால் மின்சாரம் இல்லை, பற்றறி அரசாங்கத்தின் தடைப் பொருள். ஆகவே ஒரு பழைய சைக்கிளை உயரமான ஸ்ராண்டில் ஏற்றி, பின் சில்லில் டைனமோவை முட்டவிட்டு, வயரை றெக்கோடருக்கு இழுத்திருந்தார் முத்துக்குமாரு. ஆள் ஏறி மிதியை உழக்கினால் பாட்டு வரும். அங்கே தென்னிந்தியப் படப் பாட்டுக்கு இடமில்லை. தாங்கள் கட்டி, தாங்கள் பதிந்ததைத்தான் கொண்டுவரவேண்டும். புத்தூரிலிருந்து ஒருவன் வேம்படிச் சந்தியில் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றதைப் பற்றி ராப் கட்டிக் கொண்டுவந்திருந்தான். தயாபரன் தகரத்தில் தாளம் போட்டு மூன்று பாட்டுப் பதிந்திருந்தான். அந்தக் கூட்டத்தில் அவன்தான் பெரிய கை.

கடைக்கு ஒரு சட்டம் இருந்தது. பாட்டைக் கொண்டு வந்தவர் உழக்கக் கூடாது. அவருக்காக உழக்கச் சொல்லி ஆரையும் கேட்கவும் கூடாது. கேட்கிறவர்கள்தான் தாங்களாக ஏறி உழக்கவேண்டும். பிடிக்காவிட்டால் இறங்கலாம். வேறு ஆரும் ஏறாவிட்டால் பாட்டு அவ்வளவுதான், அடுத்த ஆள். நல்ல பாட்டுக்கு நாலு பேர் சீற்றுக்கு அடிபடுவார்கள். பாதியில் செத்த பாட்டுகளும் உண்டு.

"முழுக்க ஓடவேணும்," என்று போகும் வழியில் அருமைநாயகி சொன்னாள். பிலிப்பின் சைக்கிள் பாரில் இருந்தாள். "மற்றதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. கிணத்துப் பாட்டு கடைசிச் சொல் வரைக்கும் ஓடவேணும்."

"தயாபரன் இருப்பான்."

"இருக்கட்டும். வாசிச்ச ஆள் இல்லாமல் எப்பிடி?"

பிலிப்பு சிரிக்கவில்லை. ஏனென்றால் அது உண்மை. அந்தப் பாட்டுக்குத் தாளம் போட்டது தயாபரன்தான். அவனுக்கு மட்டும் அது தெரியாது.

அவர்களிடம் இருந்தது ஒரே றெக்கோடர். பதிந்ததற்கு மேல் பதிய வழியில்லை. கயிறு ஓடுகிற கிணற்றுக் கப்பியின் சத்தமும் அருமைநாயகியின் குரலும் ஒரே நேரத்தில் விழவேண்டும். ஆகவே ஒரு காலை, லூர்த்தம்மா வாளியோடு கிணற்றடிக்குப் போக, கொட்டிலுக்குள், பின்பக்க ஓலைச் செத்தைச் சுவரோடு, பிலிப்பு டைனமோ பூட்டிய சைக்கிளை ஏற்றி நிறுத்தினான். தயாபரன் கயிற்றை இழுத்தான். கப்பி கிறீச் என்றது, கயிற்றின் முடிச்சு ஏறும்போது டக் என்றது. கிறீச், டக். கிறீச், டக். அருமைநாயகி செத்தைக்கு இந்தப் பக்கம் குந்தியிருந்து, றெக்கோடரின் வாயோடு வாய் வைத்து, அதற்குச் சரியாய்ச் சொல்லிக்கொண்டே போனாள்.

"என்ன சத்தமம்மா கொட்டிலுக்குள்ளை?" என்று தயாபரன் கேட்டான்.

"றேடியோ தம்பி. செய்தி கேக்கினம்," என்றாள் லூர்த்தம்மா. பிறகு சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் அந்தப் பொய்யைச் சொல்லவும் செய்தாள்.

டைனமோ இரைவது கிணற்றடிக்குக் கேட்டுவிடும் என்று பிலிப்பு அன்றைக்கு மெதுவாய், மிக மெதுவாய் உழக்கினான். பின்னேரம் போட்டுக் கேட்டபோதும் அதே பயம், அதே மெதுவான உழக்கல். எல்லாம் சரியாய்த்தான் கேட்டது.

கடையில் அன்று நல்ல கூட்டம். இவர்களைக் கண்டதும் ஒருவன், "பொம்பிளைப் பிள்ளையளும் ராப்போ? இனித் திருவெம்பாவைக்கும் டைனமோ பூட்ட வேண்டியதுதான்," என்றான்.

"பூட்டுங்கோ," என்றாள் அருமைநாயகி. "நீங்கள் உழக்குங்கோ. மார்கழிக் குளிருக்கு உடம்புக்கும் நல்லது."

முத்துக்குமாரு சிரித்தார். ஐம்பது வயதுக்காரர், கையில் எப்போதும் கறுப்பு எண்ணெய். "கசெற்றைக் கொண்டா பிள்ளை. என்ன பேர்?"

"முதல் பாட்டு 'கோழி'. ரெண்டாம் பாட்டு 'கப்பி'."

"எங்கடை வளவிலை இருக்கிற பிள்ளை," என்று தயாபரன் எல்லாருக்கும் சொன்னான், பெருமையாகவே. "நான் ஏறுறன் முதல்." சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சீற்றில் ஏறினான்.

கோழிப் பாட்டு ஓடியது. சனம் சிரித்தது. கோழி நாவாந்துறையில் தொலைந்து, ஆனைக்கோட்டையில் ஆரோ ஒருவருடைய கறிச்சட்டியில் கிடைத்த இடத்தில் மண்ணெண்ணெய்ப் பாட்டுக்காரன் தொடையில் தட்டினான். தயாபரனும் சிரித்துச் சிரித்து உழக்கினான். "அருமை, உது வேறை மாதிரி!" என்று மேலிருந்து கத்தினான்.

பிறகு கப்பி தொடங்கியது. சிரித்துக் களைத்த தயாபரன் இப்போது மெதுவாய்த்தான் உழக்கினான். கிறீச், டக். கிறீச், டக்.

"கூரை தந்தாய், கும்பிடுறன், குறை அதிலை இல்லை.
பாய் தந்தாய், படுக்கிறன், பழுது அதிலை இல்லை.
கிணறு உன்ரை, கயிறு உன்ரை, கப்பி கூட உன்ரை.
கீழை ஊறி வாற தண்ணி..."

தயாபரனின் கால் நின்றது. குரல் இழுபட்டு, கனத்து, எருமை முக்குவதுபோல் ஆகி, அடங்கியது.

"சங்கிலி கழண்டிட்டுது," என்றான்.

முத்துக்குமாரு குனிந்து பார்த்தார். "சங்கிலி கிடக்கிற இடத்திலைதான் கிடக்கு தம்பி."

தயாபரன் இறங்கினான். ஒருவரையும் பார்க்காமல் போய்ச் சுவரோடு நின்றான்.

"வேறை ஆர்?" என்று முத்துக்குமாரு கேட்டார். ஒருவரும் அசையவில்லை. பாதிப்பேர் சண்டிலிப்பாயார். மற்றவர்களின் வீட்டிலும் கிணறு இருந்தது. சிலருடைய வளவிலும் கொட்டில் இருந்தது. "வேறை ஆர்?" மண்ணெண்ணெய்ப் பாட்டுக்காரன் தன் நகத்தைப் பார்த்தான்.

அருமைநாயகி எழும்பினாள். "ஒராளும் இல்லையோ? மண்ணெண்ணெய்க்கு நிண்டதைப் பாடினால் நாலு பேர் ஏறுறியள். தண்ணிக்கு நிண்டதைப் பாடினால் கால் உளையுதோ?"

"கேக்கக் கூடாது பிள்ளை, அது சட்டம்," என்றார் முத்துக்குமாரு, தயங்கித்தான்.

"உழக்கச் சொல்லிக் கேக்கேல்லை அண்ணை. உளைவோ எண்டு கேட்டனான்."

பின்னாலிருந்து ஒரு பெரிய உடம்பு அசைந்தது. கிறகோரி. குருநகர் ஆள், வள்ளத்தில் துடுப்புப் பிடித்தவன், இப்போது மானிப்பாயில் விறகு கொத்துகிறான். பாட்டுக் கட்டமாட்டான், கேட்க மட்டும் வருவான். "தள்ளுங்கோ," என்று சீற்றில் ஏறினான். "எனக்கு ராப்பும் விளங்காது ஒண்டும் விளங்காது. உழக்கத் தெரியும்."

உழக்கினான். புயலுக்கு முன் கரை சேர்வதுபோல உழக்கினான்.

அப்போதுதான் பிலிப்பின் பிழை வெளியே வந்தது. மெதுவாய் ஓடிய நாடாவில் விழுந்த குரல், இப்போது முழு வேகத்தில் அணில் கத்துவதுபோல் கீச்சிட்டது. 'எட்டி நில் எண்டாய் எட்டி நிண்டன்' கீச்சுக் கீச்சென்று பறந்தது. கப்பி எலிக்குஞ்சுபோல் சத்தமிட்டது. ஒருவன் சிரித்தான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்க ஒரு சாட்டுக் கிடைத்த நிம்மதியில் சிரித்தார்கள்.

"எட, கோழி திரும்ப வந்திட்டுது!"

அருமைநாயகிக்குக் காது சுட்டது. எட்டு மாதத்துக் கோபம், மூன்று கிழமை சொல் சொல்லாய்க் கட்டியது, பகிடியாய்ப் போய்க்கொண்டிருந்தது. பிலிப்பு தலையில் கை வைத்தான். "ஐயோ, நான் மெதுவாய் உழக்கினது..."

நாடாவில் இப்போது இன்னொரு குரல் வந்தது. கயிற்றை இழுத்தவனின் குரல், அன்று காலை தானாய் வந்து விழுந்தது. "கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ அம்மா, கயிறு படும்." அதுவும் கீச்சுக் குரலாய் வந்தது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. "ஆரடா உது, மூக்காலை கதைக்கிறது?"

"நிப்பாட்டு!" என்று தயாபரன் கத்தினான்.

கிறகோரி நிறுத்தவில்லை. "பிடிக்காட்டிப் போ தம்பி."

"நிப்பாட்டு அண்ணை! வேகம் பிழை. எங்கடை கப்பி உப்பிடிச் சத்தம் போடாது!"

சிரிப்பு நின்றது. கிறகோரியின் காலும் நின்றது. எல்லாரும் திரும்பித் தயாபரனைப் பார்த்தார்கள். சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவனுக்கு விளங்கியது.

"உங்கடை கப்பியோ?" என்று முத்துக்குமாரு மெல்லக் கேட்டார்.



"அவையின்ரை கப்பிதான்," என்றாள் அருமைநாயகி. "கதைச்சதும் அவர்தான். வாசிச்சதும் அவர்தான். எட்டு மாசமாய் ஒரு நாளும் தாளம் தப்பேல்லை. அண்ணை பயத்திலை மெதுவாய் உழக்கிப் பதிஞ்சுபோட்டார், அதுதான் உந்தக் கீச்சு. சரியான வேகம் என்ன எண்டு இஞ்சை ஒராளுக்குத்தான் தெரியும்." அவள் சீற்றைக் காட்டவில்லை, கேட்கவும் இல்லை. சட்டம் தெரிந்தவள். கையைக் கட்டிக்கொண்டு அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் என்ன பிழை விட்டனான்?" என்றான் தயாபரன். "ஒரு நாளாவது தண்ணி இல்லை எண்டனானோ? ஒரு சொல் சுடுசொல் சொன்னனானோ?"

"இல்லை."

"பிறகு?"

"பிறகு என்னவெண்டு பாட்டிலை இருக்கு. கால் வாசிதான் ஓடியிருக்கு."

தயாபரன் வாசலைப் பார்த்தான். வாசல் திறந்துதான் இருந்தது. அவனுடைய சைக்கிள் வெளியே நின்றது. பிறகு அவன் ஸ்ராண்டுக்குப் போனான். கிறகோரி ஒன்றும் சொல்லாமல் இறங்கி இடம் விட்டான். முத்துக்குமாரு நாடாவைப் பாட்டின் தொடக்கத்துக்குச் சுற்றினார்.

முதல் மிதி வேகமாய்ப் போனது. கப்பி கீச்சிட்டது. தயாபரன் தலையைச் சரித்துக் கேட்டான், காலைக் கொஞ்சம் தளர்த்தினான். இன்னும் கொஞ்சம். கண்ணை மூடிக்கொண்டான். கீச்சு தணிந்து, தணிந்து, தடித்து, ஒவ்வொரு நாளும் காலையில் அவன் கைக்கு மேலே கேட்கிற அந்தச் சத்தமானது. கிறீச், டக். அதன் மேல் அருமைநாயகியின் குரல், அவளுடைய சொந்தக் குரல், வந்து ஏறியது.

"கிணறு உன்ரை, கயிறு உன்ரை, கப்பி கூட உன்ரை.
கீழை ஊறி வாற தண்ணி எந்தப் பெட்டகத்துக் காசு?
எட்டி நில் எண்டாய், எட்டி நிண்டன்,
எட்டு மாசம் எட்டி நிண்டன்.
மீன் மணக்குது எண்டாய். மீனைக் கண்டு நாளாச்சு.
கடலுக்குப் போகத் தடை, கிணத்துக்கும் கிட்டத் தடை,
இடையிலை நான் என்ன, காயப் போட்ட கருவாடோ?
ஊத்து, உயரத்திலை நிண்டு ஊத்து.
காலிலை தெறிச்சது காயும்,
காதிலை விழுந்தது காயாது.
என்ரை வாளிக்கு வாயிருக்கு,
இறக்கிப் பார், அது கதைக்கும்."

'கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ அம்மா, கயிறு படும்' என்ற இடத்தில் தயாபரனின் கால் தடுமாறியது. குரல் ஒரு கணம் பள்ளத்தில் விழுந்தது. பிடித்துக்கொண்டான். இந்த முறை அந்தக் குரலைக் கேட்டு ஒருவரும் சிரிக்கவில்லை. மரியாதையான குரல். அந்த மரியாதைதான் கேட்கச் சகிக்காததாய் இருந்தது. கடைசிச் சொல்லுக்குப் பிறகும் கப்பி நாலு தரம் கிறீச்சிட்டது. அதையும் ஓடவிட்டுத்தான் இறங்கினான்.

கிறகோரி மூக்கை உறிஞ்சினான். மண்ணெண்ணெய்ப் பாட்டுக்காரன் எழும்பி, "இன்னொருக்காப் போடுங்கோ அண்ணை, நான் உழக்குறன்," என்றான்.

"உனக்கு வேகம் தெரியாது," என்றார் முத்துக்குமாரு. "தயாபரனிட்டைப் பழகு."

வெளியே சைக்கிளை எடுக்கும்போது தயாபரன் அருமைநாயகியின் பக்கத்தில் வந்து நின்றான். "உது ஐயாவின்ரை காதுக்குப் போகும்."

"போகட்டும். முழுக்கக் கேக்க விருப்பமெண்டால் வந்து உழக்கச் சொல்லுங்கோ."

"உங்களுக்குப் பயமில்லையோ?"

"இருக்கு," என்றாள். "பயத்தோடைதான் பதிஞ்சது. அதுதானே கீச்சிட்டுது."

ஐயாவின் காதுக்குச் செவ்வாய்க்கிழமையே போய்விட்டது. சண்டிலிப்பாய்ச் சந்தையில் தோட்டக்காரர் முருகேசு வெங்காயப் பிடியைக் கையில் வைத்துக்கொண்டு, "என்ன இராசநாயகம், உங்கடை கப்பி மானிப்பாயிலை பாட்டுப் படிக்குதாம்," என்று கேட்டிருந்தார். அன்று பின்னேரம் வீட்டுக்குள் பெரிய சத்தம். கொட்டிலுக்குள் லூர்த்தம்மா சட்டி பானையை ஒன்றுக்குள் ஒன்றாய் அடுக்கத் தொடங்கினாள்.

தயாபரன் வந்து செத்தைக்கு வெளியே நின்றான். கையில் ஒரு சின்னப் போத்தில்.

"ஐயா கப்பிக்கு எண்ணெய் விடச் சொன்னவர். இனி ஒருத்தரும் உந்தச் சத்தத்தைக் கேட்டு எங்கடை கிணறு எண்டு சொல்லக் கூடாதாம்."

"கொட்டிலைப் பற்றி?" என்று லூர்த்தம்மா கேட்டாள்.

"இப்ப எழுப்பினால் பாட்டு உண்மை எண்டு சனம் சொல்லுமாம். அதாலை இருக்கட்டாம்."

"வாளியைப் பற்றி?" என்றாள் அருமைநாயகி.

"பழையபடி நான்தான் அள்ளித் தரவேணுமாம்." தயாபரன் போத்திலைப் பார்த்தான். "நான் ஏலாது எண்டிட்டன். உயரத்திலை நிண்டு ஊத்த இனி எனக்குக் கை வராது எண்டு சொன்னனான். அதுக்குத்தான் அவ்வளவு சத்தம்."

"அப்ப நாளைக்கு எங்களுக்குத் தண்ணி?"

"கயிறு கிணத்தடியிலைதான் கிடக்கும்," என்றான். போய்விட்டான்.

காலையில் அருமைநாயகி தன் வாளியை எடுத்துக்கொண்டு போனாள். கிணற்றடியில் ஒருவரும் இல்லை. கயிற்றில் தன் வாளியைக் கட்டினாள், இறக்கினாள். கப்பி வழுவழு என்று சுழன்றது. ஒரு கிறீச் இல்லை. முடிச்சைக்கூடத் தயாபரன் அவிழ்த்து விட்டிருந்தான். வாளி தண்ணீரில் தாழ்ந்த சத்தம் மட்டும் கீழே கேட்டது.

"நல்லதாய்ப் போச்சு," என்று கொட்டில் வாசலிலிருந்து லூர்த்தம்மா கிசுகிசுத்தாள். "வீட்டுக்குக் கேளாது. கெதியாய் அள்ளிக்கொண்டு ஓடி வா."

அருமைநாயகி நிறைந்த வாளியை இழுத்தெடுத்துக் கிணற்றுக் கட்டின்மேல் வைத்தாள். தாய் சொன்னது சரிதான். இப்படியே ஒவ்வொரு நாளும் ஆருக்கும் தெரியாமல், களவெடுப்பதுபோல் அள்ளலாம். அவள் வாளியைத் தூக்கி, தண்ணீரை வாய்க்காலில் ஊற்றினாள். வெறும் வாளியைக் கிணற்றுக் கட்டில் தட்டினாள். டங், டக். டங், டக். தட்டிவிட்டுத் திரும்பவும் இறக்கினாள். இழுத்தாள், ஊற்றினாள், தட்டினாள்.

வீட்டுக் கதவு திறந்தது. "ஆரது கிணத்தடியிலை?" இராசநாயகத்தாரின் குரல்.

"நான்தான் ஐயா. அருமைநாயகி. தண்ணி அள்ளுறன்."

கதவு திறந்தபடியே நின்றது. அருமைநாயகி தட்டிக்கொண்டே நின்றாள். பின்னால் காலடி கேட்டது. லூர்த்தம்மா உலைப் பானையைக் கொண்டுவந்து வாளிக்குப் பக்கத்தில் கட்டின்மேல் வைத்தாள்.

"இதையும் நிரப்பு," என்றாள். "தட்டுறதை நிப்பாட்டாதை."